பதிவேட்டின் முதல் வரி

அப்பா ஆரம்பித்த பயண ஏஜென்சிக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. இப்போது அதை நடத்தும் மகள், நான்கு பக்கத்தில் ஒரு வரலாறு அச்சிடலாம் என்று உட்கார்ந்தாள். 'எங்கள் முதல் பயணி ஒரு பெரிய டாக்டர்' என்று தொடங்கினாள். அப்பா கண்ணை மூடும்வரை ஆயிரம் தடவை சொன்ன கதை அது. அச்சில் ஏறும்முன் சரிபார்ப்போமே என்று பரணிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கினாள்.

முதல் வரியில் டாக்டரைக் காணோம். அத்தையின் பெயர் இருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டெலிபோன் ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ் என்று இருந்தவர் அத்தை. புரட்டப் புரட்ட அவர் பெயரே வந்தது. மலைக்கு, தீவுக்கு, எல்லைப்புற ஊருக்கு. பத்து வருஷத்தில் முப்பத்தோரு பயணம்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு மூன்று மாடி ஏறினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அத்தை பதிவேட்டைப் பார்த்தார்.

"அகப்பட்டுக்கிட்டேனா?"

"ஆபீஸ்ல பயிற்சின்னு போவீங்களே, அதெல்லாம் இதுதானா?"

"ஆமா. இத்தனை பயிற்சி எடுத்தும் பிரமோஷன் வரலையேன்னு உங்கம்மா கூடக் கேட்டா."

"எதுக்கு மறைச்சீங்க?"

"உங்கப்பா கடை திறந்து ஒரு வாரமா ஈ ஓட்டினான். பாவமேன்னு நான்தான் முதல் டிக்கெட் எடுத்தேன். போயிட்டு வந்து, எந்தப் பக்கம் உட்கார்ந்தா ஆறு தெரியும், எந்த விடுதியில மூட்டைப்பூச்சின்னு சொன்னேன். அதை அப்படியே வர்றவங்ககிட்ட சொன்னான். நேர்ல போய்ப் பார்த்தவன் மாதிரி பேசுறானேன்னு கூட்டம் வந்துச்சு."

"அப்பா போனதே இல்லையா?"

"பஸ் ஏறினாலே அவனுக்கு வாந்தி. பயண ஏஜென்சிக்காரன் பஸ்ஸுக்கே பயப்படுவான்னு தெரிஞ்சா கடை என்ன ஆகும்? டாக்டர் வந்தது அஞ்சாவதா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அக்காவும் தம்பியும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, ஊரே பாராட்டிய அந்தக் குறிப்புகளுக்கு அத்தைக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லையே என்று உறுத்தியது.

"முதல் வரியை மாத்தி எழுதப்போறேன் அத்தை."

அத்தை தலையாட்டினார். "எழுது. வாந்தியை மட்டும் விட்டுடு. அவன் மானம் போயிடும்."

சம்மதித்தாள். அப்புறமும் எழுந்து போக மனசில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவேட்டின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"ஆறு எந்தப் பக்கம் தெரிஞ்சுது?"

"போகும்போது இடது பக்கம்" என்று அத்தை ஆரம்பித்தார். பொழுது சாய்வதற்குள் ஏழாவது பயணம்வரைதான் வர முடிந்தது.