ஈரச் சாக்கும் பண்டாரவளைச் செடியும்

“இது அங்க பிழைச்சா நானும் பிழைப்பன். செத்துப்போச்செண்டா என்னை வரச்சொல்லிக் கேக்கப்படாது.”

மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வந்து இறங்கிய பெர்ன் செடியோடு வந்த செய்தி அவ்வளவுதான். சொல்லி அனுப்பியவர் மாகிரட் மச்சாள். செடியை மடியில் வைத்தபடி ரயிலில் கொண்டுவந்து சேர்த்தவன் அவருடைய தம்பி நிக்கலஸ். அவன் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். தாயில்லாத தன்னை வளர்த்த அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குளிரில் தனியாகக் கிடக்கிறாரே என்று அவனுக்குக் கவலை.

அவனைவிட அவன் மனைவி எல்சிக்குத்தான் மச்சாள் வரவேணும் என்ற ஆசை. நிக்கலஸ் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். மாகிரட் மச்சாளோ கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் சோறு குழைந்துபோகும். கலியாணத்துக்கு வந்து தங்கிய ஒரு கிழமையில் எல்சி சிரித்த சிரிப்பு இன்னும் அவளுக்கு மறக்கவில்லை.

செடியை வீட்டின் முன்கூடத்தில் திருஇருதயப் படத்துக்குக் கீழே, யன்னலோரமாக வைத்தாள். கறுத்த நூல் மாதிரிக் காம்பு, அதில் பச்சைப் பொட்டுப் பொட்டாக இலைகள். மூச்சு விட்டாலே ஆடியது. ‘இதுக்குப் போய் இவ்வளவு பந்தயமா’ என்று நினைத்தாள்.

கச்சான் காற்று தொடங்கியதும் விஷயம் விளங்கியது. தரைப் பக்கமிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கிற காற்று அது. கொடியில் போட்ட துணி, கிளிப் போட்டு முடிக்குமுன் காய்ந்துவிடும். செடி ஓரம் சுருண்டது. எல்சி தண்ணீர் ஊற்றினாள். இன்னும் சுருண்டது. இன்னும் ஊற்றினாள். பேணிக்குள் சேறானதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு மைமூனா ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுடைய புருஷன் ஜெமீல் சந்தையில் வெற்றிலை விற்கிறவர்.

“என்ன புள்ள, செடியை நீச்சல் பழக்கிறீங்களா?”

“வாடுது ராத்தா. தண்ணி காணாதாக்கும்.”

“வேருக்குத் தண்ணி காணும். இலைக்குத்தான் தாகம். காத்து காய்ஞ்சு கிடக்கேக்க நீங்க அடியில ஊத்தி என்ன செய்ய? எங்கட ஆள் வெத்திலையை எப்பிடி வெச்சிருக்கார்? ஈரச் சாக்கைச் சுத்தித்தானே! வேரே இல்லாத வெத்திலை ரெண்டு மூண்டு நாள் நிக்குது.”

அன்றைக்கே ஒரு சாக்கு வேலி தாண்டி வந்தது. எல்சி அதை நனைத்து யன்னலில் தொங்கவிட்டாள். கீழ்நுனி ஒரு பேசினுக்குள் கிடந்து தண்ணீரை மெல்ல மெல்ல உறிஞ்சியது. கச்சான் அந்தச் சாக்கினூடாக வரும்போது சூடு தணிந்து, ஈர மணத்தோடு உள்ளே வந்தது. தட்டமொன்றில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காமல் தண்ணீர் விட்டு, அதற்கு மேல் பேணியை வைக்கச் சொன்னவளும் ராத்தாதான். சொல்லிவிட்டு ஒரு நக்கலும் சேர்த்தாள்.

“ஊருலகத்தில மதினி வராம இருக்கத்தான் நேர்ச்சை வெப்பாங்க. நீங்க வரச்சொல்லி ஒரு செடிக்குத் தவம் கிடக்கிறீங்க!”

செடி நிமிர்ந்தது. புதுக் குருத்துகள் சுருண்ட மீசை மாதிரி வெளியே வந்தன. ஆவணியில் மாதா திருநாளுக்கு வருகிறேன், வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று மச்சாள் அறிவித்தார்.

அங்கேதான் எல்சிக்குப் பொறுக்கவில்லை. சாக்கு தன் வேலையைச் செய்கிறது, சரி. ஆனால் மேலேயிருந்தும் ஒரு உதவி இருந்தால் என்ன? கோயிலிலிருந்து போத்தலில் கொண்டுவந்து வைத்திருந்த மந்திரித்த தண்ணீரை எடுத்தாள். விடிய எழும்பிச் செபம் சொல்லிக்கொண்டே இலைகளில் தெளித்தாள். பொழுதுபடவும் தெளித்தாள். போத்தல் முடிந்தால் திரும்பவும் நிரப்பினாள். நிக்கலஸுக்குச் சொல்லவில்லை.

இலை நுனிகள் கபிலமாகின. அவள் இன்னும் பக்தியாகத் தெளித்தாள். கருகல் உள்ளே இறங்கியது. திருநாளுக்குக் கொடியேறி நவநாளும் நடக்கையில், பச்சையைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

“ராத்தா, ஒருக்கா ஓடி வாங்கோ!”

மைமூனா வந்து இலையை விரலால் தடவினாள். விரலில் மெல்லிய வெள்ளைத் தூள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்புக் கரிக்குது! கறி வெக்கப் போறீங்களா?”

“உங்கட சாக்கு உப்புச் சாக்கோ?”

“சும்மா சொல்லாதீங்க. தம்பலகாமத்து நெல்லு வந்த சாக்கு அது. இலையில நீங்க என்ன தெளிச்சீங்க?”

எல்சியின் கண் போத்தலுக்குப் போனது. தண்ணீரை மந்திரிக்கும்போது பாதர் உப்பையும் ஆசீர்வதித்து அதற்குள் போடுவதைச் சின்ன வயதிலிருந்து முன்வரிசையில் நின்று பார்த்தவள் அவள். தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு எங்கே போகும்?

“ஆண்டவரே, நான் உங்களைக் குறை சொல்லேல்ல. அது மனுசருக்கான தண்ணி. செடிக்கு ஊத்தினது என்ர விசர்” என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மைமூனா சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, “கருகினதெல்லாத்தையும் வெட்டி விடுங்க. அடி ஈரமாத்தான் இருக்குது” என்றாள்.

வெட்டினாள். பேணியில் மண்ணும் மொட்டைக் கட்டைகளும் மிஞ்சின.

நிக்கலஸ் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “பேணியை ஒளிச்சு வையும். திருநாள் சனத்துக்குள்ள அக்கா மறந்திடுவா.”

“உங்கட அக்காவோ மறக்கிறது?”

எல்சி ஒளிக்கவில்லை. சாக்கை நனைத்தாள், தட்டத்துக்குத் தண்ணீர் விட்டாள், வெறும் மண்ணுக்கே எல்லாம் செய்தாள். கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவளால் ஏலாது.

மாகிரட் மச்சாள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினார். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. “என்ர அம்மாளே, இது ஊரோ, பாண் சுடுற போறணையோ?” என்றபடியே உள்ளே வந்து நேராகப் பேணிக்கு முன் நின்றார்.

“எங்க என்ர செடி?”

எல்சி ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். வெற்றிலைச் சாக்கு, கூழாங்கல், போத்தல் போத்தலாக மந்திரித்த தண்ணீர், உப்பு. “மச்சாள், காத்து கொல்லேல்ல. நான்தான் கொன்றனான்” என்று முடித்தாள்.

மச்சாள் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எல்சி பயந்தாள். பார்த்தால், சிரிப்பு.

“ஞானஸ்நானம் குடுத்தே அனுப்பினனீ! பேர் என்ன வைச்சனீ அதுக்கு?”

சிரித்துக் கண்ணைத் துடைத்தவர் கையை அப்படியே காற்றில் நிறுத்தினார். கதிரை ஈரச் சாக்குக்கு நேரே கிடந்தது. குளிர்ந்த காற்று அவருடைய கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

“எல்சி, இந்த மூலை எங்கட பண்டாரவளை மாதிரி இருக்கு.”

நிக்கலஸ் வாசலில் நின்றான். மச்சாள் ஒரு கண்ணைத் திறந்து பேணிக்குள் பார்த்தார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“கண் இருக்கிறாக்கள் ஆரும் இதைப் பாக்கேல்லையோ?”

மண்ணோடு மண்ணாக, கடுகளவில், சுருண்ட மீசை ஒன்று எட்டிப் பார்த்தது.

“சரி. நான் படுக்கிற அறை எது? அதின்ர யன்னலுக்கும் ஒரு சாக்கு வேணும். என்ர மற்றப் பெட்டியளை எடுப்பிக்க ஆளையும் பாருங்கோ.”

எல்சி முற்றத்தைத் தாண்டி வேலிக்கு ஓடினாள்.

“ராத்தா! இன்னொரு சாக்குத் தாங்கோ!”

“என்னத்துக்கு, ரெண்டாவது செடியும் வந்திட்டா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஓம் ராத்தா. இது கதைக்கிற செடி!”