பதினேழாவது மரத்தின் காயம்

பதினோரு நாள் காய்ச்சல் செல்வராணியைப் பாயோடு கிடத்தியிருந்தது. பன்னிரண்டாம் நாள் விடியலில் உளியைத் தீட்டிக்கொண்டு, பாலோ என்னும் சதுப்புப் பள்ளத்துக்கு அப்பால், தான் பால் வெட்டும் மரநிரைக்குப் போனாள்.

முன்னூறு ரப்பர் மரத்திலும் பட்டையை ஒழுங்காகச் சீவிப் பால் வெட்டப்பட்டிருந்தது. ஆள் வராத நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது தோட்டத்து வழக்கம். புருஷன் ஐயாசாமி தன் நிரையோடு அவளுடையதையும் வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தான். அவளும் நம்பித்தான் படுத்திருந்தாள்.

இப்போது நம்ப முடியவில்லை. பட்டைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற உயிரணுக்கள் நடுச்சுவரைக் கரைத்துக்கொண்டு பால்குழாய்கள் ஆகின்றன. அதனால்தான் ஒரு கீறலுக்கு எட்டத்தில் இருக்கும் பாலும் ஓடி வருகிறது. விடியலில் அவை நீர் ஏறி விம்மி நிற்கும். வெயில் ஏறினால் தளர்ந்துவிடும். செல்வராணி இதையெல்லாம் படித்தவள் அல்ல. ஆனால் வெயிலுக்கு முன் ஒற்றை ஆள் அறுநூறு மரம் வெட்ட முடியாது என்று அவள் கைக்குத் தெரியும்.

மரத்தடியில் கிடந்த பழைய சீவல்கள் தடியாக இருந்தன. நேற்றையவை காகிதம்போல. புதுக் கை, பதினோரு நாளில் பழகிய கை. உளி பிடிக்கப் பெயர் பதியாதவர் மரத்தைத் தொட்டால் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஐயாசாமி ஏன் மறைத்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

பதினேழாவது மரத்தில் உளி கட்டைவரை இறங்கியிருந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான மெல்லிய படலம் உண்டு. அங்கிருக்கும் உயிரணுக்களுக்குப் பிரிந்து பெருகுவதே வேலை; உள்ளே கட்டை, வெளியே பட்டை, இரண்டும் அவை தருபவை. அவை வெட்டுப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். காயம் போட்டவரிடம் உளியைப் பிடுங்கிக்கொண்டு புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்றே கங்காணி வீரமுத்து வந்து பார்த்துவிட்டார். யார் போட்ட காயம் என்று கேட்டார்.

யாரோ ஒருத்தர் தன் பிழைப்பையே பணயம் வைத்து அவள் நிரையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். இந்த ஒரு காயத்தைச் சுமப்பது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

“நான்தான் கங்காணி. கை நழுவிருச்சு.”

“காயம் ரெண்டு நாள்கூட ஆகலையே. காய்ச்சலோட எழுந்து வந்து வெட்டினியா? நல்லாருக்கு கதை. யார் போட்டிருந்தாலும் உன் நிரைக்கு நீதான் பொறுப்பு.” அவர் கையை நீட்டினார். செல்வராணி உளியைக் கொடுத்தாள். மனசு கனக்கவில்லை.

பக்கத்து நிரையில் மம்பட்டிச் சத்தம் நின்றது. புல் வெட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் வாய்க்காலைத் தாண்டி வந்தாள். லயத்தில் அடுத்த வீட்டுக்காரி. ஒரு நாள் ஆசையாக உளியைத் தொட்டவளை, “உன் கைக்கு மம்பட்டிதான் சரி” என்று செல்வராணி எல்லார் முன்னாலும் கேலி செய்திருந்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சியம்மாள் அவளைப் பார்க்காமல் கங்காணியைப் பார்த்தாள்.

“அக்கா கையில உளியைக் கொடுங்க கங்காணி. பதினோரு நாளும் இந்த நிரையை வெட்டினது நான்.”