மூன்றாவது மிதி

வெள்ளிக்கிழமை மாலை நான்கரை. பெர்னிக் ஊரின் வாகனச் சோதனைக் கொட்டகை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். ஸ்லாதினா தன் இருபது வயது டீசல் காரை உள்ளே ஏற்றி நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் கணவன் தோப்ரி, பழைய சுரங்கத் தொழிலாளி, கம்பளிக்குள் சுருண்டிருந்தான்.

மறுநாள் முதல், புகைச் சோதனையில் தேறி ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி தலைநகர் சோஃபியாவின் நடு நகரத்துக்குள் போகக்கூடாது. தோப்ரிக்கு டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரியோ அந்த நடு நகரத்தில்தான். வாரத்தில் மூன்று நாள். பேருந்தில் நின்றுகொண்டு போகிற உடம்பா அது? திங்கட்கிழமை அவனை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான், கண்ணுகளா, அவள் நெஞ்சில் கிடந்த கல்.

நான்கு வருஷம் முன்னால் அந்தக் காரின் புகை வடிகட்டியை அறுத்து எறியச் சொன்னவனே தோப்ரிதான். இங்கே எல்லோரும் செய்கிற காரியம். வண்டி சீறிப் பாயும், பின்னால் வருகிறவன் கரியை விழுங்குவான். இப்போது ஸ்லாதினாவின் தம்பி அசென், நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து வேறொரு வடிகட்டியைக் கழற்றி வந்து பற்றவைத்துப் பொருத்தியிருந்தான்.

"அக்கா, இது உள்ளே கரி அடைச்சுக் கிடக்கு. நெடுஞ்சாலைல நாப்பது நிமிஷம் நிறுத்தாம விரட்டு. சூட்டுல எரிஞ்சு போகும். எரியலேன்னா என்னைத் திட்டாதே" என்றான்.

காலையில் விரட்டிவிட்டு வந்தாள். எரிந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும்?

"எனக்கும் வடிகட்டி, வண்டிக்கும் வடிகட்டி. உனக்கு ரெண்டு நோயாளி" என்றான் தோப்ரி.

"வாயை மூடிட்டு உட்காரு."

சோதகர் பாவ்லின் வந்தார். தோப்ரியோடு சுரங்கத்தில் இறங்கியவர். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஸ்லாதினா ஒரு சாக்லேட் பெட்டியை நீட்டினாள். பாவ்லின் அதை வாங்கினார், கூரையில் இருந்த கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தார், தலையை மெல்ல ஆட்டினார்.

"புரிஞ்சுதும்மா. நான் மிதின்னு சொன்னா கடைசி வரைக்கும் மிதி. இறங்காதே."

எதிரே, புகையின் அளவைக் காட்டும் திரை. எண் ஒன்றரையைத் தாண்டக்கூடாது. மூன்று தடவைதான். அதற்குமேல் அன்றைக்கு இயந்திரம் அந்த வண்டியை ஏற்காது.

"மிதி!"

மிதித்தாள். இன்ஜின் அலறியது. திரையில் நான்கு புள்ளி ஒன்று.

தோப்ரி அவளைப் பார்க்காமல் கையுறையைப் பிடித்துப் பிடித்து இழுத்தான்.

"மறுபடியும் மிதி!"

நான்கு புள்ளி மூன்று.

"எரியல, எரியவே இல்ல" என்றாள்.

"ஸ்லாதினா, கண்ணாடியைப் பாரு" என்றான் தோப்ரி.

பார்த்தாள். பின்னால் நின்ற பாவ்லினின் சொந்த வெள்ளைக் காரைச் சுற்றிக் கரும்புகை. திறந்த கதவு வழியே அதன் மிதியில் ஒரு காலை ஊன்றி, இருமிக்கொண்டு பாவ்லின். ஸ்லாதினா கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். புகையை அளக்கும் குழாய் அவள் வண்டியில் இல்லை. வெள்ளைக் காரின் புகைக்குழாயில் செருகியிருந்தது.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"கத்தாதே! கேமரா முன்பக்கத்தைத்தான் பார்க்கும். நீ பெட்டி குடுத்தியே, அதுக்குத்தானே? தோப்ரிக்காகச் செஞ்சேன். என் வண்டி சுத்தம்மா, ஒண்ணைக் கூடத் தாண்டாது..." நிறுத்தினார். சுவரில் படிந்த கரியைப் பார்த்தார். "என் மருமகன் போன மாசம் இதை எடுத்துட்டுப் போனான். வண்டி நல்லா இழுக்குது மாமான்னான். அட நாசமாப் போறவன்! வடிகட்டியை அறுத்துட்டான்."

"என்னுதுல மாட்டுங்க."

"ஒரு தடவைதான் பாக்கி. அசென் பற்றவைச்சதை நம்பி..."

"மாட்டுங்க அண்ணே. மணி ஆகுது."

அவர் குழாயை உருவி அவள் வண்டியில் செருகினார். ஸ்லாதினா ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் மிதி என்று சொல்லவில்லை. அவளே மிதித்தாள். கால் தரையைத் தொட்டது. இன்ஜின் கூரை அதிர அலறியது. எண் ஏறியது: புள்ளி ஐந்து, புள்ளி எட்டு, ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு.

அங்கேயே நின்றது. திரை பச்சையானது.

பாவ்லின் குனிந்து கையைப் புகைக்குழாயின் பின்னால் வைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். கரி ஒட்டவில்லை, தோல் தோலாகவே இருந்தது.

"இப்படிச் சுத்தமா ஒண்ணு இந்தக் கொட்டகைக்குள்ள வந்து வருஷமாச்சு" என்றார், யாருக்கும் சொல்லாததுபோல்.

இன்ஜின் இன்னும் அலறிக்கொண்டே இருந்தது. ஸ்லாதினாவின் கால் இறங்கிய இடத்திலேயே மரத்துப்போயிருந்தது. எடுக்கத் தெரியவில்லை அவளுக்கு. தோப்ரி ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை நீட்டி, அவள் முழங்காலில் வைத்தான்.

"போதும்மா. எடு."