ஸ்லைடில் எழுதிய பெயர்

ஸ்லைடின் ஓரத்தில் என் மகளின் பெயரைப் பென்சிலால் நான்தான் எழுதியிருந்தேன். தமிழ்மொழி, வயது ஒன்பது. மையால் எழுதினால் சாயம் ஊற்றிக் கழுவும்போது போய்விடும். பென்சில் எழுத்து எதற்கும் போகாது.

ரத்தம் தமிழ்மொழியுடையது அல்ல. என் தங்கை செவ்வந்தியின் மகள் இசைப்பிரியாவுடையது.

எங்கள் குடும்பத்தில் இது தப்பாகவே பட்டதில்லை. நான் நிலக்கரி மைன்ஸ் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி லேபில் பெர்மனன்ட். என் கணவர் மதிவாணன் மைன்ஸில் பெர்மனன்ட். செவ்வந்தியின் வீட்டுக்காரர் சிலம்பரசன் அதே மைன்ஸில் பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட். அவருக்கும் வைத்திய அட்டை உண்டு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ஷிப்ட் சம்பளம் போய்விடும். அதனால் வடக்குத்தில், அவர்கள் வீட்டில், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கம்பெனி எங்களுக்குக் கொடுத்த மெடிக்கல் புத்தகத்தில்தான் மாத்திரை வாங்கினோம். எங்கள் புத்தகத்தைப் பார்த்தால் தமிழ்மொழி வருடம் முழுவதும் இருமுகிறவள் என்று நினைக்கத் தோன்றும்.

இசைக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கெண்டைக்காலில் நீலமாகத் திட்டுகள். விளையாடும்போது விழுந்திருப்பாள் என்றாள் செவ்வந்தி. நானும் சரி என்றேன். இன்று காலை வேலைக்கு வரும் வழியில் அவர்கள் வீட்டில் ரத்தம் எடுத்து, லேபுக்கு வந்ததும் என் மகளின் பெயரில் பதிந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் கை நின்றுவிட்டது.

பத்தொன்பது வருடமாக நான் செல்களை எண்ணுகிறேன். சிவப்பணு வளரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். அந்த இடத்திலும் பிராணவாயுவைச் சுமக்கத்தான். நூற்றிருபது நாள் சுமந்துவிட்டுச் செத்துப்போகும். வெள்ளையணு வளர வளர அதன் உட்கரு மடல் மடலாகப் பிரியும், கிருமியைத் தின்னக் கற்றுக்கொள்ளும். எதுவானாலும் வளர்ந்தால் ஒரு வேலை இருக்கும். இதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஓர் ஆறுதல் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே வளர்ந்த செல்களைத் தேட வேண்டியிருந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே முகம். செல் முழுவதையும் அடைத்துக்கொண்ட பெரிய உட்கரு, அதைச் சுற்றி நகக்கீற்று அளவுக்கு நீலமாகச் சைட்டோபிளாசம். குழந்தைச் செல்கள். எந்த வேலையும் கற்காமல், பிரிவதை மட்டும் கற்றவை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன. மெஷின் ஒன்பதாயிரம் என்று அடித்துக் கொடுத்தது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும்.

முதலில் எனக்குள் ஓடியது என்ன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நம் பெண் இல்லை. அதுதான். இசையின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ராஜ்மோகன் ஸ்லைடையும் பார்த்தார், பெயரையும் பார்த்தார். என்னைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். இது குழந்தைகளுக்குக் குணமாகக்கூடிய ரத்தப்புற்று, ஆனால் ஒரு நாளும் தள்ளக்கூடாது என்றார். சென்னையில் தன் நண்பரிடம் படுக்கை கேட்கிறேன், பெண்ணை உடனே அழைத்து வாருங்கள் என்றார். மதிவாணனுக்கும் அவரே போன் செய்தார். நான் தடுக்கவில்லை. அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. யாருக்காக அழுதேன் என்பதை மட்டும் அவர் தப்பாக எடுத்துக்கொண்டார், நான் அப்படியே விட்டேன். தமிழ்மொழி என்ற பெயருக்கு எல்லோரும் ஓடினார்கள். ஆம்புலன்ஸ் தயாரானது. இசைப்பிரியா என்றால் இந்த ஓட்டம் நின்றுவிடுமோ என்ற பயம் என் வாயைக் கட்டியிருந்தது.

மதிவாணன் மைன்ஸ் பூட்ஸோடு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்திருந்தார். கரி படிந்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

"பாப்பா எங்க?"

அவரை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "பாப்பா ஸ்கூல்ல இருக்கா. இது அவ ரத்தம் இல்லீங்க. இசையோடது. நாந்தான் பேரு மாத்தி எழுதினேன்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. காலையில் எனக்குள் சத்தமில்லாமல் வந்ததும் அதுவேதான் என்று தெரிந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார். 

"சாம்பிள் மாறிப்போச்சின்னு சொல்லிடு," என்றார். "உண்மையச் சொன்னா உன் வேலை போவும். என்னுதும் போவும். இசைய நாளைக்கு நாமளே பாண்டிச்சேரிக்கு இட்டுகினு போலாம்."

"மாறிடுச்சின்னா, யாரோடதுன்னு பாக்க இன்னிக்கு ரத்தம் குடுத்த புள்ளைங்கள எல்லாம் கூப்புடுவாங்க. அத்தினி தாயும் இங்க வந்து நிப்பாளுங்க."

"நிக்கட்டுமே. ஒரு நாளுதான?"

அந்த ஒரு நாளை நானும் மனசுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது போன் அடித்தது. செவ்வந்தி.

"அக்கா, நீ போனதுலேர்ந்து மூக்குல ரத்தம் வந்துகினே இருக்கு. மூணு துணி நனைஞ்சிடுச்சி. ரிசல்ட் வந்துச்சா? ஒன்னும் இல்லல்ல?"

அவளைக் கிளப்பி வை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. ஒன்பதாயிரம் தட்டணுக்கள். மூக்கில் வருவது தலைக்குள் வந்தால் பாண்டிச்சேரியும் இல்லை, நாளையும் இல்லை.

மதிவாணனுக்கும் அவள் குரல் கேட்டிருந்தது. எழுந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். பைக் சாவி எங்கே என்று தன் பாக்கெட்டுகளை மாற்றி மாற்றித் தடவினார். சாவி கையிலேயே இருந்தது.

"நான் போய் இட்டாறேன். நீ சொல்றதச் சொல்லு," என்று போய்விட்டார்.

டாக்டர் போனில் இருந்தார். என் மகளின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சென்னைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்லைடை அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், பேரு தப்பு. இது என் தங்கச்சி பொண்ணு ரத்தம். இசைப்பிரியா. கான்ட்ராக்ட் வீட்டுப் பொண்ணு. நான்தான் தெரிஞ்சே மாத்தினேன்."

ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். காலையில் நாற்காலி கொடுத்தவரின் முகமாக அது இல்லை. மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். எனக்கு அது வெகு நேரம் கேட்டது.

"பேர மாத்திக்குங்க," என்றார் போனில். "இசைப்பிரியா. வயசு..." என்னைப் பார்த்தார். எட்டு என்றேன். "எட்டு. ரிப்போர்ட் அதேதான்." படுக்கை இன்னும் உண்டா என்று அவர் கேட்பதற்குள் எதிர்முனை காத்திருக்கச் சொன்னது.

நான் ஸ்லைடை எடுத்தேன். அந்தச் செல்களின் பக்கத்தில் என் மகளின் பெயர் இன்னொரு நிமிடம் இருப்பதைக்கூடத் தாங்க முடியவில்லை. கட்டைவிரலால் தேய்த்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

"அதத் தொடாதீங்க," என்றார். "சென்னைக்கும் அது வேணும். என்கொயரிக்கும் அது வேணும்."

மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். கீழே மதிவாணனின் பைக் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் செவ்வந்தி. நடுவில் இசை, மூக்கில் சிவப்புத் துணி. காலையில் அவர்கள் வீட்டுக் கொடியில் நான் பார்த்தபோது அது வெள்ளைத் துண்டாக இருந்தது. செவ்வந்தி அண்ணாந்து ஜன்னல் ஜன்னலாக என்னைத் தேடினாள். என்னைக் கண்டதும், ஒன்னும் இல்லல்ல என்பது போலக் கையை ஆட்டினாள்.

பின்னால் டாக்டர் இன்னும் ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்தார்.