சலவைக்கடையில் இடைநிலை ஸ்பானிஷ்

ஆள் சேரவில்லை என்று இடைநிலை ஸ்பானிஷ் வகுப்பைக் கல்லூரி ரத்து செய்தபோது அழுதது ஆசிரியை யெசெனியா அல்ல, மாணவி ரோண்டா. மேற்குக் கான்ஸஸில் மாட்டிறைச்சி ஆலையை நம்பிப் பிழைக்கிற அந்த ஊரின் பள்ளி அலுவலகத்தில் ரோண்டா எழுத்தர். ஐம்பதைத் தாண்டிய பிறகு பட்டத்தை முடிக்க வந்தவளுக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி.

யெசெனியாவுக்கு அழுகை மரத்துப்போயிருந்தது. தற்காலிக ஆசிரியைக்கு வகுப்பு இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அவள் கையில் முதல்நிலை வகுப்பு மட்டும் மிஞ்சியது.

டீன் பிராண்ட்வோல்டு இனிக்க இனிக்கப் பேசுவார். "வகுப்பா வேண்டாம், தனிப்படிப்பா வச்சுக்கலாமே யெசெனியா. அந்தம்மாவே படிச்சுப்பாங்க, நீங்க சும்மா மேற்பார்வை. சம்பளம்னு பெருசா ஒண்ணும் வராது. ஆனா நான் மறக்க மாட்டேன்."

அவர் மறக்காமல் இருப்பதை எந்தக் கடையில் கொடுத்து ரொட்டி வாங்குவது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இலையுதிர்காலத்தில் வகுப்பு திரும்பி வரும், அப்போது டீன் தன்னைத்தான் கூப்பிடுவார் என்ற நப்பாசை வாயை அடைத்துவிட்டது.

வகுப்பு இல்லை என்பதால் அறையும் இல்லை. யெசெனியா சனிக்கிழமைதோறும் காசு போட்டு இயந்திரத்தில் துணி துவைக்கப் போகும் சலவைக்கடைக்கே ரோண்டாவை வரச் சொன்னாள். இயந்திரங்கள் கடகடவென்று சுற்ற, ஆலைத் தொழிலாளர்களின் மனைவிமார் ஸ்பானிஷில் ஊர்வம்பு பேசும் இடம். முதல் வாரம் ரோண்டா வாயே திறக்கவில்லை.

"இங்க நான் எப்படிப் பேசுறது? சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிக்கட்டுமே. நீங்க சிரிக்க வைக்கிற அளவுக்குப் பேசிட்டா பாதி பாடம் முடிஞ்ச மாதிரி."

சிரித்தார்கள். அதுவும் அடிவயிற்றிலிருந்து. ரோண்டாவும் லேசுப்பட்டவள் அல்ல. குளிர்காலம் முடிவதற்குள், காலியான உலர்த்தும் இயந்திரத்தை யார் முந்திப் பிடிப்பது என்று அந்தப் பெண்களோடு ஸ்பானிஷிலேயே சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள். ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு யெசெனியா அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள். தன் ஆசிரிய வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது.

வசந்தத்தில் கல்லூரி நிர்வாகக் குழு கூடியது. இடைநிலை வகுப்பை மீண்டும் தொடங்குவதா என்பது அன்று முடிவாகும். ரோண்டாவைக் குழுவின் முன் ஸ்பானிஷில் பேச வைக்கலாம் என்று டீன் சொன்னதும் யெசெனியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வகுப்பு தேவை என்று சொல்ல அவளைவிட நல்ல சாட்சி ஏது?

ரோண்டா தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் நீல உடுப்பில் வந்து நின்று, தாளைப் பார்க்காமல், தங்குதடையில்லாத ஸ்பானிஷில் பேசினாள். "நான் ஒத்தையா படிக்கல. என் டீச்சர் எந்தச் சனிக்கிழமையும் தவறாம என்கூட உக்காந்தாங்க. கூலி இல்லாம உக்காந்தாங்க. அவங்க இல்லேன்னா நான் இந்நேரம் பாதியில ஓடிப்போயிருப்பேன். இப்படி ஒருத்தருக்கு இந்தக் கல்லூரி ஒரு வகுப்பு குடுக்கணும்."

யெசெனியாவுக்குக் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு சுற்றிப் பார்த்தாள். கோதுமை விவசாயி, பல் மருத்துவர், டிராக்டர் வியாபாரி என்று குழுவினர் அத்தனை பேரும் முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டினார்கள். ஆலையில் பாதிப்பேர் பேசுகிற மொழியில் ஒரு சொல்கூட அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"பாத்தீங்களா?" என்றார் டீன். "தானா படிச்சு வந்தவங்க. வகுப்பு இல்ல, அறை இல்ல. இவங்களுக்கு முடியும்னா யாருக்கும் முடியும். ரோண்டா, இங்கிலீஷ்லயும் ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

கைதட்டலில் ரோண்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னத்தச் சொல்ல? கஷ்டப்பட்டேன், விடல. அவ்வளவுதான்." இந்த நாட்டு ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து நாக்கில் ஊறிய வாக்கியம் அது. மேடை ஏறினால் தானாக வந்து விழும்.

யெசெனியா எழுந்துவிட்டாள். "ஒரு நிமிஷம். அவங்க ஸ்பானிஷ்ல சொன்னது வேற. நான் கூடவே இருந்து சொல்லிக்குடுத்ததா சொன்னாங்க."

தன் புகழைத் தானே மொழிபெயர்க்கும் அவமானம் காதுவரை சுட்டது. வேலைக்குக் கெஞ்சுகிறவளின் குரல் தன் வாயிலிருந்தே வருவதை அவளே கேட்டாள். பல் மருத்துவர் பரிவோடு தலையாட்டினார். "சொல்லாம இருப்பாங்களா? உங்க மேற்பார்வைக்கு எங்க எல்லாரோட நன்றியும் உண்டு."

ரோண்டா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று புரிந்ததே தவிர, என்னவென்று புரியவில்லை. அதற்குள் வாக்களிக்கக் கைகள் உயர்ந்துவிட்டன. வரும் ஆண்டிலிருந்து ஸ்பானிஷ், முதல்நிலை உட்பட, எல்லாமே தனிப்படிப்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை யெசெனியா சனிக்கிழமை சனிக்கிழமையாகச் செய்து முடித்திருந்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் டீன் அவள் தோளைத் தட்டினார். "இன்னும் அஞ்சு பேர் கேட்டிருக்காங்க யெசெனியா. ரோண்டா மாதிரியே வேணுமாம்." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ரோண்டா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "வகுப்ப மூடினது எனக்கும் வருத்தம்தான் டீச்சர். ஆனா என்னால முடிஞ்சத சொல்லிட்டேன். உங்களப் பத்தி எல்லாத்தையும் சொன்னேனே, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் ரோண்டா."

"தப்பு ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்ல. ஒரு தப்பும் இல்ல. அங்க அது எனக்கு மட்டும்தான் தெரியும்."