சும்மா கிடக்கும் தசை

அன்று வெளியே மழை பெய்ததா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. ஸ்பீக்கரில் வந்த சத்தமே தகரத்தில் விழும் தூறல்போல இருந்தது. நினைவு இரண்டையும் கலந்திருக்கலாம்.

நரம்பிலும் தசையிலும் ஓடும் மின்சாரத்தை அளப்பது ஆஸ்பத்திரியில் என் வேலை. கருவி அதை ஸ்பீக்கரில் சத்தமாகவும் கேட்கவைக்கும். அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். வலது கையில் ஸ்க்ரூடிரைவர் நிற்கவில்லை என்று வந்திருந்தார்.

"எனக்கே கரண்ட் பாக்கிறியா, மாப்ளே? ஷாக்கடிச்சா உங்கக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"கையைத் தளர்த்தி வைங்க மாமா" என்று கட்டைவிரலின் அடித்தசையில் ஊசியை இறக்கினேன்.

நரம்பு உத்தரவிட்டால்தான் தசைச் செல்லின் வாசல்கள் திறக்கும், வெளியே நிற்கும் சோடியம் உள்ளே பாயும், அதுதான் மின்துடிப்பு. சும்மா கிடக்கும் தசை ஊமையாக இருக்க வேண்டும். நரம்பு செத்துப்போன தசை மட்டும் கேட்பாரற்றுத் தானாகத் துடிக்கும்.

துடித்தது. காலில், முதுகில், எங்கே குத்தினாலும் அதே சத்தம். இயக்க நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். குணமாக்க மருந்து கிடையாது.

"என்னடா அது, பொரியிற மாதிரி?"

"பிளக்குல எர்த் சரியில்ல மாமா. வெளிக் கரண்ட் கலந்து வர்ற சத்தம்."

நாக்கு கூசாமல் சொன்னேன். முடிவைச் சொல்வது டாக்டர் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எர்த் சரியில்லை என்றால் அவர் விடுவாரா? மறுநாள் காலை பையோடு வந்து நின்றார்.

"நல்ல ஆஸ்பத்திரிடா! எர்த் இல்லாமலே ஆளைக் குத்துறீங்க."

சுவர் பிளக்கைக் கழற்றுவதற்குள் ஸ்க்ரூடிரைவர் மூன்று முறை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். "விடு" என்றார். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"எர்த் நல்லாத்தானே இருக்கு?"

அவரே பிளக்கை மாட்டினார். விளக்கை, மின்விசிறியை அணைத்தார். கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார்.

"இப்போ குத்து."

இருவரும் வெகுநேரம் அதே பொரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊசியை எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ கோளாறு லைன்ல இல்ல" என்றார். பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாம்ல, மாப்ளே?"

வலது கைக்குப் பின் இடது கை, நாக்கு, கடைசியில் மூச்சு. இரண்டாம் வருடம் மாமா இறந்துபோனார். அக்கா துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவர் எர்த் பார்க்க வந்த நாளை அவளிடம் நான் சொன்னதில்லை. நான் அதே அறையில் அதே வேலையைத்தான் செய்கிறேன்.