கொலைகாரன் பெயருக்கு அருகே ஒரு புள்ளி

1

இந்தக் கதை ஒரு பட்டியலாக இருந்திருக்க வேண்டும். ஒரு மாத இதழின் உதவி ஆசிரியர் தொலைபேசியில் கேட்டது அதைத்தான்.

"சார், இந்த இதமான துப்பறியும் கதைங்க தொடர் தொடரா வருதுல்ல, அதுல ஒவ்வொரு தொடருக்கும் முதல் புத்தகம் எது, யாரு எதுல ஆரம்பிக்கலாம்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க. சின்னதா இருந்தா போதும்."

நான் பதில் சொல்லாமல் இருந்தேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

(இதமான துப்பறியும் கதை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அதில் கொலை உண்டு, ஆனால் கம்பளத்தில் கறை படாது. துப்பறிபவருக்கு உருப்படியான வேறு வேலை ஒன்று இருக்கும். ரொட்டி சுடுவார், அல்லது கடிகாரம் பழுது பார்ப்பார். செத்தவரை ஊரில் யாருக்கும் அவ்வளவாகப் பிடித்திருக்காது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் தேநீர் குடிப்பார்கள்.)

எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இந்தத் தொடர்களில் ஒன்றைக்கூட நானாகத் தேடிப் படித்ததில்லை. எல்லாவற்றையும் என் கையில் திணித்தவள் ஒரு நூலகர். அப்படியானால் எழுத வேண்டியது அவளைப் பற்றித்தான். உதவி ஆசிரியர் மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் கதை இதுதான்.

2

முதல் தொடக்கம்: "நூலகத்தின் நடுக்கூடத்தில் பிணம் கிடந்தது. அதன் வலது கையில்"

[நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் யாரும் சாகப் போவதில்லை. வாசகரைப் பொய்யாகப் பயமுறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த"

[மழையில் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாவது சரியாக வந்தது. இதோ:

அந்த நூலகரை எல்லோரும் 'முதல் புத்தகம்' என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். தொடரின் நடுவிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு போய் அவள் மேசையில் வைத்தால், அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு எழுந்து போவாள். திரும்பி வரும்போது கையில் முதல் புத்தகம் இருக்கும்.

"இதுல இருந்து ஆரம்பிங்க."

"அட்டைப்படம் நல்லாருந்துச்சுன்னு எடுத்தேன்மா," என்றார் ஒரு நாள் எதிரிலிருந்த மருத்துவமனையின் நர்ஸ்.

"அட்டையப் பாத்து மாப்பிள்ளை எடுத்தா பரவால்ல, அனுசரிச்சுப் போயிடலாம். நாலாவது புத்தகத்துல கதாநாயகிக்கும் டாக்டருக்கும் கல்யாணமே ஆயிடுது. மொத புத்தகத்துல ரெண்டு பேரும் சண்டை போடுறதப் படிக்காம அந்தக் கல்யாணத்துக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

நர்ஸ் முதல் புத்தகத்தோடு போனார்.

ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பாள். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு ரொட்டிக்கடைக்காரியின் தொடர். தூக்கம் வராதவர்களுக்குக் கடிகாரக்காரர். அதில் எல்லாமே மெதுவாக நடக்கும், கொலைகாரன்கூட. என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தேனீ வளர்ப்பவளின் தொடரைக் கொடுத்தாள். "இவ மூணு பக்கத்துக்கு ஒரு தடவதான் வாயத் தொறப்பா. உங்களுக்குச் சரியா இருக்கும்."

ஜன்னலோரம் அவளுக்கென்று ஓர் அலமாரி இருந்தது. 'இங்கிருந்து தொடங்குங்கள்' என்று மேலே எழுதி ஒட்டியிருந்தாள். அதில் முதல் புத்தகங்கள் மட்டும். ஒரு புத்தகம் அந்த அலமாரிக்குப் போக ஒரு சோதனை உண்டு. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்கப் படிப்பாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் சும்மா போட்டுவைப்பாள். வாரம் கழித்தும் கதை மனதில் நின்றால் அலமாரிக்குப் போகும். நிற்காவிட்டால் பொது அடுக்குக்கு.

இந்த ஒரு வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

குற்றம் இதுதான். அந்த அலமாரிப் புத்தகங்களில் யாரோ புள்ளி வைத்தார்கள்.

பென்சிலால், கடுகளவு. கொலைகாரனின் பெயர் முதன்முதலாக வரும் இடத்தில், பெயருக்குப் பக்கத்தில். வேறெங்கும் இல்லை. முதலில் கவனித்தவர் கணக்கு வாத்தியார் (•). ஓய்வுபெற்றவர். ஒரு துப்பறியும் கதையைத் தேர்வுத்தாள் போலத் திருத்திப் படிப்பவர்.

"மூணாம் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுட்டா மிச்சத்த நான் எதுக்கும்மா படிக்கணும்? விடைய மேல எழுதிட்டு கேள்விய கீழ குடுக்குறீங்களா?"

"நான் வைக்கல சார்."

"நீங்க வச்சீங்கன்னு நான் சொன்னேனா? உங்க அலமாரியில இருக்குன்னு சொன்னேன்."

அவருக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் புள்ளியைப் பார்த்திருப்பீர்கள். உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று வைத்தேன்.

[வாத்தியாரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இவ்வளவு சத்தம் போடுகிறவர் இதமான கதைக்குப் பொருந்த மாட்டார். எடுத்துப் பார்த்தேன். கதை நொண்டியது. திரும்பக் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் வந்தார்.]

புகார்கள் பெருகின. நூலகக் குழுவின் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவருக்கு அந்த ஜன்னலோரத்தின் மேல் வெகுநாளாகக் கண். அங்கே போட்டித் தேர்வுப் புத்தகங்களை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நேரில் வந்து அவளிடம் சொன்னார்.

"திங்கட்கிழமை கூட்டம். யாரு இந்த வேலையப் பண்றதுன்னு பேரச் சொல்லுங்க, உறுப்பினர் அட்டைய ரத்து பண்ணிட்டு விஷயத்த முடிச்சுடலாம். பேர் இல்லன்னா அலமாரிய எடுத்துடலாம். கொலைக்கதை படிச்சு யாருக்கும் வேலை கிடைக்கல."

அவள் எத்தனையோ துப்பறிபவர்களோடு பழகியவள். ஆனாலும் தன் வாசகர்களில் ஒருவரைக்கூட அவளால் முழு மனதோடு சந்தேகிக்க முடியவில்லை. நர்ஸ்? அவர் கையில் எப்போதும் பேனாதான். வாத்தியார்? தானே வைத்துவிட்டுத் தானே கத்துவாரா? [கத்துவார் என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள்.]

4

இப்போது அவள் வீடு. மூன்றாம் மாடி, இரண்டு அறை. அவளும் கணவரும் கணவரின் அக்காவும்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். விடியற்காலை வேலை, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். புத்தகம் என்றால் அவருக்குச் சிரிப்பு. "கடைசிப் பக்கத்துலதான் யாருன்னு போட்டுடுறானே, அப்புறம் எதுக்கு இத்தன பக்கம்? நான் அஞ்சாவது மாடிக்குப் போகணும்னா ஒவ்வொரு மாடியிலயும் இறங்கி விசாரிச்சுட்டா போறேன்?"

நாத்தனார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை வைத்தே ஆளின் வயது, பசி, பொய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கண்ணில் அறுவை சிகிச்சை சரியாகப் போகாமல் பார்வை அவிந்த பிறகு அவர் பேச்சும் அவிந்துவிட்டது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார். 'ம்' என்பார்.

தான் படித்துக் காட்டட்டுமா என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"பொணம் விழுற கதையெல்லாம் எனக்கு வேணாம்," என்றார். கொஞ்சம் கழித்து, "எம்மேல பரிதாபப்பட்டு யாரும் ஒண்ணும் படிக்க வேணாம்," என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மௌனம் உட்கார்ந்துகொண்டது. மௌனங்களில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. இது கோபமில்லை. ஒருவர் கதவைத் தட்டப் பயந்தும், மற்றவர் திறக்கக் கூச்சப்பட்டும் நிற்கும் மௌனம்.

5

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை, வாத்தியார் சத்தமே இல்லாமல் நூலகத்துக்கு வந்தார். கையில் தேனீக்காரியின் முதல் புத்தகம்.

"இதுல தபால்காரன் பேருக்குப் பக்கத்துல புள்ளி இருந்துச்சு."

"தெரியும் சார். அழிச்சுடுறேன்."

"இருங்க. அவன்தான்னு முடிவு பண்ணி, அவன் பண்ற ஒவ்வொரு வேலைக்கும் ஓரத்துல மனசுக்குள்ளயே மார்க் போட்டுட்டு வந்தேன். கடைசியில பாத்தா அவன் இல்ல." அவர் முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு வெட்கம். "முப்பது வருஷத்துல என்ன யாரும் இப்படி ஏமாத்தினதில்லம்மா. ரெண்டாவது புத்தகம் இருக்கா?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு தேனீக்காரியின் புத்தகத்தை மேசையில் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். எல்லோரும் தேநீர் குடிக்கிறார்கள். தேனீக்காரி சொல்கிறாள்: 'எல்லாம் தபால்காரர் செய்த வேலை. முதலிலேயே அவரைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.' அவள் சொல்வது கொலையைப் பற்றி இல்லை. காணாமல் போன பூனைக்கு இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் பால் வைத்தது யார் என்பதைப் பற்றி. புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பவர். இந்த அலமாரிக்கு வருவதற்கு முன்பே புத்தகத்தைத் தொடக் கூடியவர். ஒரு வாரம், கட்டிலுக்குப் பக்கத்தில்.

அவள் உதவியாளரிடம் சொல்லிவிட்டு மதியமே கிளம்பினாள்.

6

வீட்டுக் கதவுக்கு வெளியே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கணவரின் குரல். இல்லை, கணவரின் பல குரல்கள். மூக்கால் பேசும் ஒரு வக்கீல், இருமும் ஒரு தோட்டக்காரன், கீச்சென்று ஒரு சமையல்காரி. லிஃப்ட் சங்கிலி போலக் கரகரக்கும் அந்தத் தொண்டையிலிருந்து இத்தனை பேர் எப்படி இறங்கினார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நிறுத்துடா," என்றார் நாத்தனார். "தோட்டக்காரன்தான் கொன்னவன்."

"எப்படிக்கா சொல்ற? இன்னும் பொணமே விழலயே."

"மத்தவங்களுக்கெல்லாம் சும்மா படிக்கிற. இவன் வந்தா மட்டும் குரல்ல தேன் ஒழுகுது. காட்டிக் குடுத்துடக் கூடாதுன்னு அவ்வளவு பதமா பேசுற. ஒவ்வொரு கதையிலயும் இதே கூத்து."

"அதுக்குத்தாங்கா பேருக்குப் பக்கத்துல புள்ளி வச்சுக்குறேன். தெரியாம கட்டைக்குரல் குடுத்துட்டா உனக்குத் தெரிஞ்சுடுமேன்னு."

"நல்லா வச்ச புள்ளி. அந்தத் தபால்காரன் மட்டுந்தான் என்ன ஏமாத்துனான்."

"நானே ஏமாந்துட்டேன்கா. பூனைக்குப் பால் வச்சவன்னு எனக்கென்ன தெரியும்?"

நாத்தனார் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றிலிருந்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டதில்லை. வாசலில் நின்றவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

சிரிப்பு அடங்கியது. "ஒனக்குத்தான் சொல்றேன், அவளுக்குத் தெரிய வேணாம்."

"தெரிஞ்சா என்னக்கா? சந்தோஷப்படுவா."

"அதான். சந்தோஷப்படுவா. பக்கத்துல தலகாணி வைப்பா. எனக்குன்னு புத்தகம் எடுத்துட்டு வருவா. இப்ப நீயும் நானும் திருட்டுத்தனம் பண்றோம். அவளுக்குத் தெரிஞ்ச அன்னிக்கு நான் நோயாளி. அன்னியோட இது முடிஞ்சுது. படி."

7

முடிவுகளைச் சொல்கிறேன்.

ஒன்று: திங்கட்கிழமை அவள் கணவரின் பெயரைச் சொல்கிறாள். அலமாரி பிழைக்கிறது. அக்காவும் தம்பியும் படிக்கும் மதியங்கள் போகின்றன.

இரண்டு: பெயர் தெரியவில்லை என்கிறாள். மதியங்கள் பிழைக்கின்றன. ஜன்னலோரத்துக்குப் போட்டித் தேர்வு வருகிறது. அலமாரி இல்லாவிட்டால் அவள் எதற்காகப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் போட்டுவைக்க வேண்டும்? ஆக, மதியங்களும் பிழைக்கவில்லை.

மூன்று: "நான்தான் வச்சேன்" என்கிறாள். வாத்தியாரும் நர்ஸும் அவளைப் பார்க்கிறார்கள். விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவளின் கையிலிருந்து யார் முதல் புத்தகத்தை வாங்குவார்கள்?

[அழிப்பான் வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. வாங்கிவிட்டாள். புள்ளிகள் இனி வாசகர்கள் கண்ணில் படப் போவதில்லை. ஆனால் மருந்துக்கடைக்காரர் கேட்பது புள்ளியை இல்லை, பெயரை.]

இந்த மூன்றும் எனக்குத் திருப்தி இல்லை. நடந்தது என்று உறுதியாகச் சொல்லக் கூடியதை மட்டும் சொல்கிறேன்.

அவள் ஓசைப்படாமல் ஒரு படிக்கட்டு வரிசை கீழே இறங்கினாள். பிறகு செருப்பைத் தேய்த்து நடந்து மேலே வந்தாள். கதவுக்கு முன்னால் சாவிக்கொத்தைக் கீழே போட்டாள். உள்ளே ஒரு புத்தகம் மூடப்பட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரேடியோ பாட ஆரம்பித்தது. அவள் பொறுமையாகக் குனிந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

கணவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று, அதில் ஏதோ பழுது இருப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"தலவலி."

நாத்தனார் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இத்தன வருஷத்துல உங்கையில இருந்து சாவி விழுந்து நான் கேட்டதில்லயே."

"கை வழுக்கிடுச்சு அண்ணி."

நாத்தனார் அந்தக் குரலைக் கேட்டார். ஒரு காலத்தில் இணைப்புகளுக்கு நடுவில் மூச்சு விடுவதை வைத்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர்.

"ம்," என்றார். பிறகு, "திங்கக்கிழமையும் சீக்கிரம் வந்துடுவியா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி. கூட்டம் இருக்கு. லேட்டாகும்."

"லேட்டா வா. அவசரமில்ல."

8

வாத்தியார் பெயருக்குப் பக்கத்தில் நான் வைத்த புள்ளி தவறு. நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நாலாம் பகுதியில் லிஃப்டைப் பற்றி ஒருவர் தமாஷ் பேசிவிட்டுப் போனார். அவர் பெயருக்கு எதுவும் வைக்கவில்லை. அந்தப் புள்ளியை இப்போது அழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை. நூலகத்தின் பின்னறை. நீள மேசை, மின்விசிறி, தலைவரின் இருமல். வெளியே ஜன்னலோரத்தில் அந்த அலமாரி இன்னும் இருக்கிறது. அவள் உட்காருகிறாள். பக்கத்தில் வாத்தியார், மடியில் தேனீக்காரியின் இரண்டாம் புத்தகம், நடுவில் விரலை அடையாளமாக வைத்து மூடியிருக்கிறார். தலைவர் கேட்கிறார்:

"பேரச் சொல்லுங்க."

வீட்டில் இந்நேரம் தோட்டக்காரன் பிடிபடப் போகிறான். அவள் வாயைத் திறக்கிறாள்.

பென்சில் உங்களிடம் இருக்கிறது. யார் பெயருக்குப் பக்கத்தில் வைத்தாலும் மெல்லமாக வையுங்கள், அழிக்க வரும்படி.